விவாகரத்து ஆனால் பென்ஷனில் பாதி மனைவிக்கா?

தர்மபுரி நீதிமன்ற வளாகத்தில் வழக்கு கூப்பிடும்வரை காத்திருக்கும் பெண்களிடம் பேச்சுக் கொடுத்தால் இரண்டில் ஒன்று காதில் விழும். "அவரு பி.எஃப்.ல பாதி எனக்கு வந்துரும்னு சொன்னாங்க." இல்லாவிட்டால், "கவர்மெண்ட் பென்ஷன்ல யாரும் கை வைக்க முடியாதாமே?" ஓசூர் கம்பெனி பஸ்களில் ஆண்கள் பேசிக்கொள்வதும் ஏறக்குறைய இதேதான். முதல் பேச்சு தவறு. இரண்டாவது அரைகுறை. கருவூலத்தில் வேலை பார்த்த காலத்தில், இப்படிக் கேள்விப்பட்டதை நம்பிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, பல வருடம் கழித்து மஞ்சள் பையில் காகிதங்களோடு கவுன்டர் முன்னால் வந்து நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் அவர்களுக்கு யாராலும் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. அதனால்தான் இதை அடிப்படையிலிருந்து எழுதுகிறேன்.

## ஓய்வுக்காலப் பணம் என்பது ஒரே பணம் அல்ல

"ரிட்டயர்மென்ட் பணம்" என்று மொத்தமாகச் சொல்லிவிடுகிறோம். அதற்குள் மூன்று தனித்தனிப் பணங்கள் இருக்கின்றன.

முதலாவது வருங்கால வைப்பு நிதி, அதாவது பி.எஃப். மாதாமாதம் சம்பளத்தில் பிடித்து, முதலாளியும் பங்கு போட்டு, வட்டியோடு சேரும் தொகை. தனியார் கம்பெனியில் தொழிலாளியின் பங்கு 12 சதவீதம், முதலாளியின் பங்கும் 12 சதவீதம். முதலாளி போடும் 12-இல் 8.33 சதவீதம் ஓய்வூதியக் கணக்குக்குப் போய்விடும். அது 15,000 ரூபாய் சம்பளத்துக்கே கணக்கிடப்படுவதால் பொதுவாக மாதம் 1,250 ரூபாய்க்கு மேல் போகாது. பாஸ்புக்கைப் பார்த்து "கம்பெனி பணம் குறையுதே" என்று பலர் குழம்புவது இதனால்தான்.

இரண்டாவது பணிக்கொடை, கிராஜுவிட்டி. வேலையை விட்டுப் போகும்போது ஒரே தடவையாகத் தருவது. கடைசி மாத அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் கூட்டி, 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, அதைப் பணிபுரிந்த வருடங்களால் பெருக்க வேண்டும். 26,000 ரூபாய் வாங்கியவர் 20 வருடம் வேலை பார்த்திருந்தால் 3 லட்சம் வரும்.

மூன்றாவது ஓய்வூதியம், பென்ஷன். உயிருள்ளவரை மாதாமாதம் வருவது. ஓய்வூதியர் இறந்தபின் அவர் கணவருக்கோ மனைவிக்கோ தொடர்வது குடும்ப ஓய்வூதியம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கட்டுரையின் முக்கியமான இடம் இதுதான்.

தமிழக அரசுப் பணியில் 2003 ஏப்ரல் 1-க்கு முன் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம். அதற்குப் பின் சேர்ந்தவர்கள் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தின் கீழ் வந்தவர்கள். இவர்கள் விஷயத்தில் அன்றைக்கு நடப்பில் உள்ள அரசாணையைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேச வேண்டும்.

ஆக, சேர்ந்த தொகை ஒன்று, ஒரே தடவை வருவது ஒன்று, மாதாமாதம் வருவது ஒன்று. மூன்றுக்கும் சட்டம் வெவ்வேறு.

## 'பாதி' என்ற பேச்சு எங்கிருந்து வந்தது?

பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து. விவாகரத்தில் ஓய்வுக்காலப் பணத்தைப் பிரிப்பதற்கென்றே தனி வழக்கறிஞர்கள் என்று அங்கிருந்து வரும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, இங்கும் அப்படித்தான் என்று நினைத்துக்கொள்கிறோம். பர்கூரிலும் ஓசூரிலும் பிள்ளைகளை அங்கே கட்டிக்கொடுத்த வீடுகள் இருப்பதால் அந்தச் சட்டத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மாந்தோப்பை எடுத்துக்கொள்வோம். பட்டா கணவர் பெயரில். கல்யாணத்துக்குப் பின் இருவரும் பாடுபட்டு வளர்த்த மரங்கள். பிரியும்போது என்ன செய்வது? தோப்பையே அளந்து, உட்பிரிவு செய்து, மனைவி பெயருக்குத் தனிப்பட்டா போடலாம். அல்லது தோப்பு அவரிடமே இருக்கட்டும், அதன் விளைச்சலைப் பார்த்து "மாதம் இவ்வளவு கொடு" என்று சொல்லலாம்.

அமெரிக்கா செய்வது முதல் வகை. திருமணக் காலத்தில் சேர்ந்த ஓய்வுக்கால நிதியை அங்கே இருவருக்கும் உரிய சொத்தாகப் பார்க்கிறார்கள். கலிஃபோர்னியா போன்ற சில மாநிலங்களில் சரிபாதி, வேறு பல மாநிலங்களில் நீதிமன்றம் நியாயம் என்று நினைக்கும் பங்கு. ஆனால் 1974-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, தொழிலாளியின் ஓய்வு நிதியை வேறு யாருக்கும் மாற்றக் கூடாது என்கிறது. விவாகரத்தான மனைவிக்காக 1984-இல் அதற்கு ஒரு விலக்கு கொண்டுவந்தார்கள். குடும்ப நீதிமன்றம் தனியாக ஓர் ஆணை பிறப்பிக்கும். அதற்குப் பெயர் கியூ.டி.ஆர்.ஓ., பேச்சில் 'குவாட்ரோ'. அந்த ஆணையைக் கம்பெனியின் நிதி நிர்வாகி ஏற்றுக்கொண்டால், பணம் மனைவியின் பங்காகத் தனியே பிரிந்துவிடும். தோப்புக்கு உட்பிரிவு செய்து தனிப்பட்டா வாங்குவது போலத்தான்.

அந்த ஆணையில் திட்டத்தின் பெயர், பங்கின் அளவு, எந்தத் தேதி வரை என்பதெல்லாம் துல்லியமாக இருக்க வேண்டும். பிழை இருந்தால் நிர்வாகி திருப்பி அனுப்பிவிடுவார். அதனால்தான் அங்கே இதை மட்டுமே எழுதிக்கொடுக்கும் வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். உங்கள் மகளோ மகனோ அங்கே இருந்து, கணக்கும் அங்கே இருந்தால், அப்படி ஒருவரைப் பிடிப்பது செலவு அல்ல, அவசியம். இங்குள்ள நீதிமன்றத் தீர்ப்பின் நகலை அந்த நிர்வாகிக்கு அனுப்பினால் மட்டும் பணம் பிரியாது. அந்த மாநிலச் சட்டப்படி அங்குள்ள ஆணை வேண்டும்.

## நம் நாட்டில் தோப்பைப் பிரிப்பதில்லை

இந்தியச் சட்டத்தில், திருமணத்துக்குப் பின் சேர்ந்ததெல்லாம் இருவருக்கும் பாதி என்ற விதி கிடையாது. யார் பெயரில் இருக்கிறதோ அவருடையது. இந்து திருமணச் சட்டம் 1955-இன் 27-ஆம் பிரிவு, திருமணச் சமயத்தில் கொடுக்கப்பட்டு இருவருக்கும் பொதுவாக உள்ள பொருள்களைப் பற்றி மட்டும் பேசுகிறது. பி.எஃப். அதில் வராது.

அப்படியானால் மனைவிக்கு ஒன்றும் இல்லையா? இருக்கிறது. அதே சட்டத்தின் 25-ஆம் பிரிவு நிரந்தர ஜீவனாம்சம் தருகிறது. ஜீவனாம்சம் என்றால் வாழ்க்கை நடத்துவதற்காக ஒருவர் மற்றவருக்குத் தரும் தொகை. மொத்தமாகவும் தரலாம், மாதாமாதமும் தரலாம். கணவரின் வருமானம், சொத்து, மனைவியின் வருமானம், சொத்து, இருவர் நடத்தை எல்லாவற்றையும் பார்த்து நீதிமன்றம் முடிவு செய்யும். கணவரும் கேட்கலாம், சட்டத்தில் தடை இல்லை. தீர்ப்பின்போதே கேட்கலாம், தீர்ப்புக்குப் பிறகும் மனுப் போடலாம். நிலைமை மாறினால், பணி ஓய்வு போன்ற காரணத்தால், தொகையைக் கூட்டவோ குறைக்கவோ கேட்கலாம்.

ஓய்வுக்காலப் பணம் உள்ளே வருவது இந்த வழியாகத்தான். பி.எஃப். இருப்பு எவ்வளவு, எப்போது ஓய்வு, பென்ஷன் எவ்வளவு வரும் என்பதெல்லாம் அவரால் எவ்வளவு தர முடியும் என்பதற்கான அளவுகோல்கள். 2017-இல் ஒரு வழக்கில் கணவரின் நிகரச் சம்பளத்தில் 25 சதவீதம் நியாயமானது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதைப் பிடித்துக்கொண்டு "கால் பங்கு கட்டாயம்" என்று சொல்பவர்கள் உண்டு. அது ஒரு வழிகாட்டல்தான், எல்லாருக்கும் ஒரே சதவீதம் என்று சட்டத்தில் எழுதவில்லை.

பணம் எவ்வளவு இருக்கிறது என்று மனைவிக்கு எப்படித் தெரியும்? ஜீவனாம்ச வழக்கில் இருவருமே வருமானம், சொத்து, முதலீடு, கடன் எல்லாவற்றையும் காட்டி உறுதிமொழிப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும் என்று 2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மறைத்தால் நீதிமன்றத்திடம் பொய் சொன்னதாகும். என்னைக் கேட்டால், இந்த ஒரு பத்திரத்தை ஒழுங்காகக் கேட்டு வாங்கி, வரிக்கு வரி படிக்கும் வழக்கறிஞர்தான் இந்த விஷயத்தில் நல்ல வழக்கறிஞர்.

சுருக்கமாக: பங்கு உரிமை இல்லை, ஜீவனாம்ச உரிமை உண்டு. ஓய்வுக்காலப் பணம் அந்தத் தொகையை நிர்ணயிக்க உதவும் கணக்கு.

## தரவில்லை என்றால் எதிலிருந்து பிடிப்பார்கள்?

நீதிமன்றம் உத்தரவு போட்டும் கணவர் தராவிட்டால், சொத்தையோ சம்பளத்தையோ பிடித்துக் கொடுக்கச் சொல்லலாம். இதற்குப் பெயர் ஜப்தி. இங்கேதான் மூன்று பணங்களுக்கும் வித்தியாசம் தெரியும்.

சம்பளத்தைப் பிடிக்கலாம். சாதாரணக் கடனுக்குச் சம்பளத்தின் பெரும்பகுதிக்குப் பாதுகாப்பு உண்டு. ஜீவனாம்சத் தீர்ப்பு என்றால் மூன்றில் ஒரு பங்குக்கு மட்டுமே பாதுகாப்பு என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு சொல்கிறது.

நிதியில் இருக்கும் பி.எஃப். பணத்தைப் பிடிக்க முடியாது. 1952-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே அதற்குத் தடை போட்டுவிட்டார்கள். உறுப்பினரே விரும்பினாலும் அதை இன்னொருவர் பெயருக்கு எழுதி வைக்க முடியாது. பணிக்கொடைக்கும் இதுபோன்ற பாதுகாப்பு உண்டு. இவை தொழிலாளியைக் கடன்காரர்களிடமிருந்து காப்பதற்காக வந்த விதிகள்.

ஓய்வூதியம்? 1871-ஆம் ஆண்டின் ஓய்வூதியச் சட்டம் கடன்காரர்கள் அதைப் பிடிக்க முடியாது என்கிறது. ஆனால் ஜீவனாம்சம் கேட்கும் மனைவி கடன்காரர் அல்ல, ஆகவே அவருக்காக ஓய்வூதியத்திலிருந்து பிடிக்கலாம் என்று உயர் நீதிமன்றத் தீர்ப்புகள் வந்திருக்கின்றன. "பென்ஷனில் கை வைக்க முடியாது" என்று அடித்துச் சொல்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

நம் மாவட்டங்களில் ராணுவத்துக்குப் போனவர்களும் உண்டு. பணியில் இருக்கும் ராணுவ வீரரின் சம்பளத்திலிருந்து மனைவி மக்களுக்கு ஜீவனாம்சம் பிடித்துத் தர ராணுவச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. மனைவி அவருடைய படைப்பிரிவு அதிகாரிகளுக்கு மனுக் கொடுக்க வேண்டும். மனு எழுதுவதற்கு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் வழி கேட்கலாம்.

## விவாகரத்தில் கைவிட்டுப் போவது குடும்ப ஓய்வூதியம்

எல்லாரும் பி.எஃப்.பைப் பற்றியே பேசுகிறார்கள். அதைவிடப் பெரிய பணம் ஒன்று, யாரும் வாய் திறக்காமலே, விவாகரத்துத் தீர்ப்போடு போய்விடுகிறது.

குடும்ப ஓய்வூதியம் சட்டப்படியான கணவருக்கோ மனைவிக்கோ உரியது. விவாகரத்து ஆனவுடன் அந்த உரிமை முடிந்துவிடும். தனியார் கம்பெனி ஓய்வூதியத் திட்டத்திலும் விதவை ஓய்வூதியம் விவாகரத்தானவருக்கு இல்லை.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். பழைய ஓய்வூதியத்தில் உள்ள ஒரு பள்ளி ஆசிரியர். அவரும் மனைவியும் வெகுகாலமாகப் பிரிந்து வாழ்கிறார்கள். மனைவிக்கு வயது 50. "5 லட்சம் தருகிறேன், சம்மத விவாகரத்துக்குக் கையெழுத்துப் போடு" என்கிறார் அவர். கடைசி அடிப்படைச் சம்பளம் 60,000 என்று வைத்துக்கொண்டால், குடும்ப ஓய்வூதியம் பொதுவாக அதில் 30 சதவீதம், மாதம் 18,000. அதன்மேல் அகவிலைப்படியும் உண்டு. 5 லட்சம் என்பது, படியைச் சேர்க்காமல் பார்த்தாலும், 28 மாதப் பணத்துக்குச் சமம்கூட இல்லை. கணவர் முதலில் இறந்தால்தான் அந்தப் பணம் வரும் என்பது உண்மைதான். ஆனாலும் மனைவி பத்து வயது இளையவர் என்றால் இது தூக்கிப் போடும் விஷயமா?

விவாகரத்து செய்யவே கூடாது என்று சொல்லவில்லை. அடி உதையோடு வாழ்பவரிடம் பென்ஷன் கணக்குப் பேசுவது பாவம். கையெழுத்துப் போடும்போது எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்து போட வேண்டும், பேரம் பேசும் தொகையில் அதையும் சேர்க்க வேண்டும் என்கிறேன். சிலருக்கு நீதிமன்றப் பிரிவு போதுமானதாக இருக்கலாம். அதாவது சேர்ந்து வாழும் கடமை இல்லை, ஆனால் திருமணம் முறியவில்லை. அதில் குடும்ப ஓய்வூதிய உரிமை பொதுவாகத் தொடரும், சில விதிவிலக்குகள் உண்டு. மறுமணம் செய்துகொள்ள நினைப்பவருக்கு இது உதவாது.

பிள்ளைகளின் உரிமை பெற்றோரின் விவாகரத்தால் போவதில்லை. மத்திய அரசில் பணிபுரியும் பெண்கள், விவாகரத்து வழக்கு நடக்கும்போதே, கணவருக்குக் கொடுக்கும் முன் பிள்ளைகளுக்குக் குடும்ப ஓய்வூதியம் போக வேண்டும் என்று எழுதிக் கொடுக்கலாம் என 2024 ஜனவரியில் விதி மாற்றினார்கள்.

## பஞ்சாயத்தில் தீர்த்துவிட்டது செல்லுமா?

பென்னாகரம், அரூர், ஊத்தங்கரை என்று எந்தப் பக்கம் போனாலும் இது உண்டு. ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து, பத்திரத்தாளில் "இன்று முதல் ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லை" என்று எழுதி, சாட்சிக் கையெழுத்து வாங்கி, தீர்த்துவிடுவார்கள். இருவரும் வேறு கல்யாணமும் செய்துகொள்வார்கள்.

சில சமூகங்களின் வழக்கப்படியான விவாகரத்தைச் சட்டம் ஏற்கத்தான் செய்கிறது. ஆனால் அப்படி ஒரு வழக்கம் தொன்றுதொட்டு இருக்கிறது என்று நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். அந்தப் பத்திரத்தாள் மட்டும் போதாது. நிரூபிக்க முடியாவிட்டால் முதல் மனைவிதான் இன்னும் சட்டப்படியான மனைவி. கணவர் இறந்தபின், இருபது வருடம் கூட வாழ்ந்து, படுக்கையில் பார்த்துக்கொண்ட இரண்டாவது பெண் கருவூலத்துக்கு வருவார். பணிப்பதிவேட்டில் முதல் மனைவி பெயர் இருக்கும். இரண்டாவது பெண்ணின் பிள்ளைகளுக்கு உரிமை உண்டு, அவருக்கு இல்லை என்று அந்த முகத்தைப் பார்த்துச் சொல்வது லேசான வேலை அல்ல.

நாமினி விஷயமும் இதனோடு சேர்ந்தது. கல்யாணத்துக்கு முன் பி.எஃப்.பில் போட்ட நாமினி நியமனம் கல்யாணம் ஆனதும் செல்லாது, புதிதாகப் போட வேண்டும். விவாகரத்து ஆனால் மறுபடி மாற்ற வேண்டும். தீர்ப்பு வந்த வாரமே செய்ய வேண்டிய வேலை இது.

## சம்மத விவாகரத்தில் எழுதும் ஒரு வரி

பலர் ஏமாறுவது ஒரே ஒரு வாக்கியத்தில். "முதல் மனுதாரர் பணி ஓய்வு பெறும்போது கிடைக்கும் பி.எஃப். தொகையில் பாதியை இரண்டாம் மனுதாரருக்குத் தருவார்." படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் பி.எஃப். அலுவலகம் இதைப் பார்த்து மனைவிக்குப் பணம் அனுப்பாது, ஏனென்றால் அந்தப் பணத்தை இன்னொருவருக்கு எழுதி வைக்கவே முடியாது. இடையில் அவர் முன்பணம் எடுத்துவிட்டால் எதில் பாதி? வேலையை விட்டுவிட்டால்? இறந்துவிட்டால்?

பாதி என்று எழுதாமல் ரூபாயில் எழுத வேண்டும். இன்றைய பி.எஃப். இருப்பு, வரப்போகும் பணிக்கொடை, கைவிடும் குடும்ப ஓய்வூதியம் எல்லாவற்றையும் கணக்குப் போட்டு ஒரு தொகை. முடிந்தவரை பெரும்பகுதியை இரண்டாவது மனு விசாரணைக்கு முன்பே டிமாண்ட் டிராஃப்டாக வாங்கிவிட வேண்டும். சம்மத விவாகரத்தில் முதல் மனுவுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் பொதுவாக ஆறு மாதம் இருக்கும், தக்க காரணம் இருந்தால் நீதிமன்றம் அதைக் குறைக்கலாம். அதற்குள் பணம் புரட்டலாம். மீதித் தொகைக்கு, அவர் பெயரில் உள்ள நிலத்தின் மீதோ வீட்டு மனையின் மீதோ பொறுப்பு ஏற்படுத்தக் கேட்கலாம், அதாவது பணம் தரும்வரை அந்தச் சொத்து பிணையாக இருக்கும். 25-ஆம் பிரிவே அதற்கு இடம் தருகிறது. பத்திரப்பதிவு அலுவலகத்தில் பதிந்துவிட்டால் வில்லங்கச் சான்றில் தெரியும், சத்தமில்லாமல் விற்க முடியாது.

## எப்படிப்பட்ட வழக்கறிஞர் வேண்டும்?

இங்கே ஓய்வுக்காலப் பணத்துக்கென்று தனியாகச் சான்று பெற்ற வழக்கறிஞர் கிடையாது. குடும்ப வழக்கு நடத்துபவர் இருக்கிறார், அரசு ஊழியர்களின் பணி வழக்கு நடத்துபவர் இருக்கிறார். இந்த விஷயம் இரண்டுக்கும் நடுவில் விழுகிறது. இருவரும் ஒரே கம்பெனியில் சில வருடம் சம்பளம் வாங்கியவர்கள், பிள்ளை இல்லை, சேமிப்பும் குறைவு என்றால் குடும்ப வழக்கறிஞரே போதும். நீண்ட அரசுப் பணி, ராணுவம், வெளிநாட்டுக் கணக்கு, முதல் மனைவி இரண்டாம் மனைவிச் சிக்கல் என்றால், குடும்ப வழக்கறிஞரை வைத்துக்கொண்டே பணி விதிகள் தெரிந்த ஒருவரிடம் ஒரு தடவை ஆலோசனை வாங்கிவிடுங்கள். ஒரு தடவைக்கான கட்டணம்தான், மொத்த வழக்கையும் அவரிடம் தர வேண்டியதில்லை.

முதல் சந்திப்பிலேயே கேளுங்கள்: "விவாகரத்து ஆனா குடும்ப ஓய்வூதியம் என்ன ஆகுங்க?" யோசித்து, எந்த வருடம் பணியில் சேர்ந்தார் என்று உங்களையே திருப்பிக் கேட்பவர் விஷயம் தெரிந்தவர். "அதெல்லாம் பாதி வாங்கிடலாம்மா" என்று உடனே சொல்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். "வர்ற பணத்துல பத்து பர்சென்ட் குடுங்க" என்பவரிடமிருந்தும்தான். தீர்ப்பில் கிடைப்பதில் பங்கு கேட்பதை பார் கவுன்சில் விதிகள் தடை செய்கின்றன.

இன்னொன்று. குடும்ப நல நீதிமன்றத்தில் வழக்கறிஞர் வைப்பது கட்டாயம் இல்லை. 1984-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நீதிமன்றம் அனுமதித்தால்தான் வழக்கறிஞரே ஆஜராக முடியும். நடைமுறையில் பெரும்பாலும் அனுமதிப்பார்கள். ஆனால் நீதிபதி உங்களிடமே நேரடியாகக் கேள்வி கேட்பார் என்பதால், உங்கள் கணக்கு உங்களுக்கே தெரிந்திருக்க வேண்டும்.

கையில் காசு இல்லாத பெண்கள் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பெண் என்றால் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வழக்கறிஞர் தர வேண்டும். 15100 என்ற எண்ணில் போனிலும் கேட்கலாம். போகும்போது திருமணப் பதிவுச் சான்று அல்லது பத்திரிகை, கணவரின் சம்பளச் சீட்டு ஒன்றாவது, அவர் எந்த அலுவலகம், எந்த வருடம் பணியில் சேர்ந்தார், எப்போது ஓய்வு என்பதை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். சம்பளச் சீட்டு கிடைக்காவிட்டால் வெறும் விவரம் மட்டும் போதும், மற்றதை உறுதிமொழிப் பத்திரம் வழியாக நீதிமன்றம் வாங்கிக் கொடுக்கும்.